காஷஸ்: எச்சரிக்கை உள்ளவரா, எச்சரிக்கப்பட்டவரா?

ஆங்கிலச் சொல் அறிவோம்



இந்தப் பகுதியில் ஒவ்வொரு முறையும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருள், பிறப்பு, பயன்படும் விதம் ஆகியவற்றைப் பார்த்து வருகிறோம். இம்முறை நாம் எடுத்துக்கொள்வது 'காஷஸ்' என்ற சொல். எளிய சொல்தானே, 'எச்சரிக்கையான' என்று ஒரே வரியில் முடிந்துவிடுமே என்று நினைப்பீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நம் மாலை வகுப்பில் கரும்பலகையில் 'காஷன் என்றால் எச்சரிக்கை, காஷஸ் என்றால் எச்சரிக்கையான' என்று எழுதிப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். அது எவ்வளவு அரைகுறைப் பாடம் என்பதை எங்கள் தெருப் பையன் ஒருவன் மூலம் அறிந்துகொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கடிதத்தில் நேர்ந்த பிழை

அவன் பெங்களூர் எல்லையில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்ப்பவன். விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, இரவு வீடு திரும்புகிற ஆயிரக்கணக்கான தங்கவயல் பிள்ளைகளில் ஒருவன். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பிறகு இந்த ஊரின் பிழைப்பு அந்த ரயிலில்தான் ஓடுகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஒரு நாள் அவனை வழக்கமான இடத்திலிருந்து மாற்றி வேறொரு அழுத்து இயந்திரத்தில் நிறுத்தினார்கள். அந்த இயந்திரம் சில சமயம் இரண்டாம் முறை தானாக இறங்கும் என்பது அங்குள்ள பழைய ஆட்களுக்குத் தெரியும். இவனுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு விரல்களின் நுனி போயிற்று.

காயம் ஆறுவதற்குள் 'நடந்தது என்ன என்று எழுதிக் கொடு' என்று கேட்டார்கள். அவன் தமிழில் சொல்ல, உடன் வேலை செய்யும் நண்பன் ஆங்கிலத்தில் எழுதினான். இவன் சொன்ன வாக்கியம், "அந்த மெஷினைப் பற்றி எனக்கு எச்சரிக்கை இல்லை" என்பது. நண்பன் எழுதியது, "ஐ வாஸ் நாட் காஷஸ் அபௌட் த மெஷின்" என்பது.

ஒரு வாரத்தில் மெமோ வந்தது. 'நீ எச்சரிக்கையாக நடந்துகொள்ளவில்லை என்பதை நீயே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கிறாய். ஆகவே உன்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று கேட்டிருந்தார்கள். விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம், சம்பளமும் கிடையாது.

கட்டுப் போட்ட கையோடு மெமோவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "சார், நான் உண்மையைத்தானே எழுதினேன்?" என்றான். அவன் உண்மையைத்தான் சொன்னான். கடிதம்தான் வேறொன்றைச் சொல்லிவிட்டது. அந்தக் கடிதத்தை எழுதிய நண்பன் யார் என்று கேட்டேன். நம் மாலை வகுப்பில் படித்தவன், என் மாணவன். 'எச்சரிக்கை என்றால் காஷஸ் என்று நீங்கள்தானே சார் எழுதிப் போட்டீர்கள்' என்று அவன் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இல்லை.

ஆகவே இந்தப் பாடம் உங்களுக்கு மட்டும் அல்ல. ஆசிரியர் தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் பாடமும்கூட.

எழுத்தும் ஒலியும்

சி, ஏ, யூ, டி, ஐ, ஓ, யூ, எஸ் என்ற எட்டு எழுத்துகள் கொண்ட சொல் இது. நடுவிலுள்ள டி, ஐ இரண்டும் சேர்ந்து 'ஷ' என்று ஒலிக்கும். 'கா-ஷஸ்' என்று இரண்டே அசை. 'காட்டியஸ்' என்றோ 'காஷியஸ்' என்றோ நீட்டுவது வழக்கில் இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளும் சொற்கள் இரண்டு உண்டு. 'கான்ஷஸ்' என்றால் நினைவுடன், உணர்வுடன் இருப்பது. மயக்கம் தெளிந்த நோயாளியை மருத்துவர் 'கான்ஷஸ்' என்பார். 'கான்ஷியென்ஷஸ்' என்றால் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டுக் கடமையைச் செய்பவர். வேலை விண்ணப்பத்தில் 'நான் பொறுப்பாக உழைப்பவன்' என்று சொல்ல விரும்பினால் எழுத வேண்டியது 'கான்ஷியென்ஷஸ்'. அங்கே 'காஷஸ்' என்று எழுதினால், 'எதற்கும் தயங்கித் தயங்கி இறங்குபவன்' என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடும்.

சொல்லின் குடும்பம்

லத்தீன் மொழியில் 'காவேரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. நம் காவிரிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை! 'காத்துக்கொள், ஆபத்தைப் பார்த்து நட' என்பது அதன் பொருள். அதிலிருந்து வந்தவை காஷன், காஷஸ் ஆகிய சொற்கள். வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் போடும் 'கேவியட்' மனுவும் இந்தக் குடும்பம்தான். 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று முன்கூட்டியே காத்துக்கொள்வதல்லவா அது?

கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும்போது 'காஷன் டெபாசிட்' என்று கட்டுகிறோமே, அதில் எச்சரிக்கை எங்கே வந்தது என்று சிலர் கேட்பதுண்டு. லத்தீனில் இந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பிணை, உத்தரவாதம் என்ற பொருளும் இருந்தது. அந்தப் பழைய பொருள்தான் இந்தப் பணத்தில் இன்றும் தங்கியிருக்கிறது.

குடும்ப உறுப்பினர்களை வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

காஷன்: பெயர்ச்சொல். எச்சரிக்கையாக இருக்கும் குணம் என்றும், ஒருவர் கொடுக்கும் எச்சரிக்கை என்றும் இரு பொருள்.

காஷன்: இதுவே வினைச்சொல்லாகவும் வரும். 'ஒருவரை எச்சரி' என்பது பொருள்.

காஷன்ட்: அந்த வினையின் இறந்தகால வடிவம். 'எச்சரித்தார்' என்றும், 'வாஸ்' சேர்ந்தால் 'எச்சரிக்கப்பட்டார்' என்றும் பொருள்.

காஷஸ்: பெயரடை. எச்சரிக்கை உணர்வு உள்ள.

காஷஸ்லி: வினையடை. எச்சரிக்கையோடு.

காஷனரி: பெயரடை. பிறரை எச்சரிக்கிற. நீதிக்கதை போன்றவற்றுக்கு இது பொருந்தும்.

ப்ரிகாஷன்: முன்னெச்சரிக்கை. 'டேக் ப்ரிகாஷன்ஸ்' என்று பன்மையில் வருவது அதிகம்.

இன்காஷஸ், ஓவர்காஷஸ்: முன்னது எச்சரிக்கையற்ற, பின்னது அளவுக்கு மீறித் தயங்குகிற.

சரியான பொருள் எது?

'காஷஸ்' என்பது ஒரு மனிதரின் மனநிலையைச் சொல்வது. ஆபத்து இருக்கக் கூடும் என்று உணர்ந்து, அதற்கு இடம் கொடுக்காதபடி நடப்பவர் காஷஸ். இரண்டு அம்சங்கள் இதில் உண்டு. ஒன்று, ஆபத்தைப் பற்றிய அறிவு. இரண்டு, அந்த அறிவுக்கு ஏற்ற நிதானம். அச்சம் இதில் அடங்காது. பயந்து பின்வாங்குபவருக்கு 'டிமிட்' என்று வேறு சொல் இருக்கிறது.

தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயிற்று. உலகின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் அது ஒன்று. அந்த ஆழத்தில் பாறை தன் மேல் அழுத்தும் பாரத்தைத் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். முதலில் அதை 'ஏர் பிளாஸ்ட்' என்று அழைத்தார்கள், பிறகு 'ராக் பர்ஸ்ட்' என்றார்கள். மேலே வீடுகளில் பாத்திரம் அதிரும். அப்போது ஷிப்டுக்குப் போனவர்களின் வீடுகளில் என்ன நடந்தது என்பதை நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் வேலை தொடங்குமுன் சுரங்கத் தொழிலாளி செய்யும் முதல் காரியம், இரும்புக் கம்பியால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டிப் பார்ப்பது. கணீரென்று ஒலித்தால் பாறை உறுதி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அதைக் கம்பியால் நெம்பி விழச் செய்த பிறகுதான் அடியில் நிற்பார். வெடி வைத்த பிறகும் உடனே உள்ளே போகமாட்டார். புகை போகக் காத்திருப்பார். தட்டிப் பார்ப்பதும் காத்திருப்பதும்தான் 'காஷஸ்'. வேலையை விட்டு ஓடுவது அல்ல. வேலையைச் செய்வதற்காகவே அவர் தட்டிப் பார்க்கிறார்.

இந்தப் பையனின் தந்தை முப்பது ஆண்டு கீழே இறங்கி ஏறியவர். அவரிடம் இந்தச் சொல்லின் பொருளைச் சொன்னேன். "வாத்தியாரே, பயந்தவன் கீழ இறங்கமாட்டான். பயமே இல்லாதவன் மேல ஏறி வரமாட்டான். நடுவுல இருக்கிறவன்தான் பென்ஷன் வரைக்கும் வந்தான்" என்றார். எந்த அகராதியிலும் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

உறவுச் சொற்கள்

தமிழில் 'எச்சரிக்கையான', 'கவனமான' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பொருள் மாறும்.

கேர்ஃபுல்: செய்யும் காரியத்தில் கவனம் வைப்பவர். பிழை வராமல் பார்த்துக்கொள்வது இதன் மையம். கணக்கு எழுதுபவர் கேர்ஃபுல். அங்கே ஆபத்து ஒன்றும் இல்லை. இதன் வேர்ச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் துக்கம், கவலை என்று பொருள். 'கேர்ஃபுல்' என்றால் ஒரு காலத்தில் 'துயரம் நிறைந்த' என்றே பொருள்பட்டது. கவலைப்படுகிறவன் கவனமாக இருப்பான் என்ற வழியில் இன்றைய பொருள் வந்தது.

வேரி: யாரிடமோ எதனிடமோ நம்பிக்கை இல்லாமல் விலகி நின்று பார்ப்பவர். இதில் சந்தேகம் கலந்திருக்கிறது. பழைய ஆங்கிலச் சொல். 'அவேர்', 'பிவேர்' ஆகியவையும் இதே வேரிலிருந்து வந்தவை. 'வெரி', 'வியரி', 'வொரி' என்ற மூன்றோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'வெரி' என்றால் மிக, 'வியரி' என்றால் களைத்த, 'வொரி' என்றால் கவலை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'ஐ ஆம் எ வேரி வொர்க்கர்' என்று எழுதினால், 'யாரைப் பார்த்துச் சந்தேகப்படுகிறீர்கள்?' என்ற கேள்விதான் வரும்.

ப்ரூடன்ட்: நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்து இன்று முடிவெடுப்பவர். லத்தீனில் 'முன்னால் பார்க்கிற' என்று பொருள்படும் சொல் சுருங்கி இப்படி ஆயிற்று. அதே சொல் சுருங்காமல் வந்த வடிவம் 'ப்ராவிடன்ட்'. நம் பி.எஃப். என்ற ப்ராவிடன்ட் ஃபண்டில் இருப்பது அதுதான்.

சர்கம்ஸ்பெக்ட்: சுற்றுமுற்றும் பார்த்துப் பேசுபவர், நடப்பவர். லத்தீனில் 'சுற்றிலும் பார்' என்பதே இதன் பொருள். பெரும்பாலும் எழுத்து நடையில் வரும்.

விஜிலன்ட்: கண் விழித்துக் காவல் இருப்பவர். 'விஜிலன்ஸ்' துறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஒரே நிகழ்ச்சியில் இவற்றை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சீட்டுப் பிடிக்கிறேன் என்று புதியவர் ஒருவர் உங்கள் தெருவுக்கு வருகிறார். அவர் முகத்தைப் பார்த்து நம்பாமல் நிற்பவர் 'வேரி'. சேர்வதற்குமுன் நான்கு பேரிடம் விசாரித்து, சிறிய தொகையில் தொடங்குபவர் 'காஷஸ்'. ஒவ்வொரு மாதமும் கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கி வரிசையாக வைப்பவர் 'கேர்ஃபுல்'. மகள் திருமணத்துக்கு இத்தனை ஆண்டில் இவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுச் சேமிப்பவர் 'ப்ரூடன்ட்'.

வாக்கியத்தில் வைக்கும் முறை

காஷஸ் என்ற சொல்லை அடுத்து வரும் இணைப்புச் சொற்களைக் கவனியுங்கள்.

1. 'அபௌட்': ஹி இஸ் காஷஸ் அபௌட் லெண்டிங் மணி. பணம் கடன் கொடுப்பதில் அவர் எச்சரிக்கையானவர்.

2. 'வித்': ஷி இஸ் காஷஸ் வித் ஹர் வேர்ட்ஸ். அவர் சொற்களை அளந்து பேசுபவர்.

3. 'இன்': தே வேர் காஷஸ் இன் தேர் ரிப்ளை. அவர்கள் நிதானமாகப் பதில் சொன்னார்கள்.

4. 'ஆஃப்': பீ காஷஸ் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ். முன்பின் தெரியாதவர்களிடம் எச்சரிக்கையாக இரு. இந்த இடத்தில் 'வேரி ஆஃப்' என்பதும் பொருந்தும். 'வேரி' என்ற சொல்லுக்குப் பின் பெரும்பாலும் 'ஆஃப்' தான் வரும்.

'கதவைப் பூட்ட மறக்காமல் இருந்தார்' என்பதற்கு 'ஹி வாஸ் கேர்ஃபுல் டு லாக் த டோர்' என்று சொல்ல வேண்டும். அங்கே 'காஷஸ் டு லாக்' என்பது இயல்பான ஆங்கிலம் அல்ல.

இன்னொன்று. தலைக்கு மேல் ஒரு பொருள் விழப் போகிறது, கூவி எச்சரிக்க வேண்டும். அப்போது யாரும் 'பீ காஷஸ்!' என்று கத்தமாட்டார்கள். 'கேர்ஃபுல்!' அல்லது 'வாட்ச் அவுட்!' என்பார்கள். நாம் 'பார்த்து, பார்த்து!' என்கிறோமே, அதுபோல. 'காஷஸ்' நின்று யோசிக்க நேரம் இருக்கும்போது பேசும் சொல்.

'பிவேர்' என்ற சொல்லுக்கும் ஒரு தனிக் குணம் உண்டு. 'பிவேர் ஆஃப் டாக்ஸ்' என்று ஏவலாகவும், 'யூ ஷுட் பிவேர்' என்பது போலத் துணைவினையோடும் வரும். 'நேற்று அவர் பிவேர்ட்' என்று இறந்தகாலம் ஆக்க முடியாது.

ரயிலிலிருந்து ஒரு பாடம்

தினமும் பங்காருபேட்டை வழியாகப் போகிறவர்கள் மஞ்சள் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். இந்திய ரயில்வேயில் ஒற்றை மஞ்சளுக்குப் பெயர் 'காஷன்'. அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா என்பது அதன் கட்டளை. இரட்டை மஞ்சளுக்குப் பெயர் 'அட்டென்ஷன்'.

இதைவிட நமக்குப் பயன்படுவது 'காஷன் ஆர்டர்' என்ற தாள். வழியில் தண்டவாள வேலை நடந்தாலோ, பாதை பலவீனமாக இருந்தாலோ, ஓட்டுநருக்கு நிலையத்தில் எழுத்து மூலம் கொடுப்பார்கள். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, என்ன வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இருக்கும். 'ஜாக்கிரதையாகப் போ' என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடுவதில்லை. அந்தத் தாளைப் பெற்ற ஓட்டுநர் 'காஷன்ட்', அதாவது எச்சரிக்கப்பட்டவர். அதன்படி வேகத்தைக் குறைப்பவர் 'காஷஸ்', அதாவது எச்சரிக்கை உள்ளவர். தாளே கொடுக்காமல், ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை என்று யாரும் கேட்க முடியாது.

நம் பையனின் வழக்கு இதுவேதான்.

தமிழ் வாக்கியத்தின் இரு முகம்

'எனக்கு எச்சரிக்கை இல்லை' என்ற தமிழ் வாக்கியத்தை மறுபடி பாருங்கள். 'எச்சரிக்கை' என்ற நம் சொல், மனத்தில் இருக்கும் விழிப்பையும் குறிக்கும், பிறர் கொடுக்கும் அறிவிப்பையும் குறிக்கும். தமிழில் பேசும்போது முகத்தையும் சூழ்நிலையையும் பார்த்துப் பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

ஐ வாஸ் நாட் காஷஸ்: நான் எச்சரிக்கையாக இல்லை. குறை என்னுடையது.

ஐ வாஸ் நாட் காஷன்ட்: எனக்கு எச்சரிக்கை தரப்படவில்லை. குறை தராதவருடையது.

ஒரே ஒரு அசைதான் வேறு. ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் அந்த அசையில் தொங்கியது.

நாங்கள் மூவரும் உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினோம். முதல் கடிதத்தை எழுதிய மாணவனையும் கூப்பிட்டுக்கொண்டேன். காஷன் ஆர்டரைப் போலவே எழுதினோம். எந்த நாள், எந்த நேரம், எந்த இயந்திரம், மாற்றி நிறுத்தியது எந்த ஷிப்டில், அந்த இயந்திரத்தின் பழுதைப் பற்றித் தனக்கு யாரும் வாயாலோ எழுத்தாலோ சொல்லவில்லை என்பது, முதல் கடிதத்தில் 'காஷன்ட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'காஷஸ்' என்று வந்துவிட்டது என்பது. யாரையும் திட்டவில்லை. நடந்ததை மட்டும் எழுதினோம்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். நின்ற நாட்களின் சம்பளத்தையும் கொடுத்தார்கள். ஆனால் முதல் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. அது இன்னும் அவன் கோப்பில் இருக்கிறது. எழுத்தில் கொடுத்ததைத் திருத்தலாம், அழிக்க முடியாது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அறிஞர்கள் எழுதும் விதம்

எழுத்தில் எச்சரிக்கை என்றால் என்ன என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து ஆய்வு நடத்தினார்கள். 1965-இல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைக் கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அதைக் கண்டார்கள்.

பிறகு 1980-இல், அணுவுக்குள் இருக்கும் புரோட்டான் என்றாவது சிதையுமா என்று பார்க்க 140 டன் எடையுள்ள கருவியை அமைத்தார்கள். சில பதிவுகள் கிடைத்தன. 'புரோட்டான் சிதைந்ததைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று அவர்கள் முழங்கவில்லை. அந்தப் பதிவுகளைக் 'காண்டிடேட் ஈவன்ட்ஸ்' என்றார்கள். தேர்தலில் நிற்பவர் வேட்பாளர். வென்ற பிறகுதான் உறுப்பினர். அதுபோல, இவை புரோட்டான் சிதைவாக இருக்கக் கூடிய 'வேட்பாளர்' நிகழ்வுகள் என்று பொருள். பின்னர் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இன்னும் பெரிய கருவிகளில் தேடியபோது சிதைவு தென்படவில்லை. இன்றுவரை யாரும் கண்டதில்லை. நம் ஊர் விஞ்ஞானிகள் அன்று சொல்லை அளந்து வைத்ததால் அவர்கள் பெயருக்குக் குறை வரவில்லை. இதற்குத்தான் 'எ காஷஸ் ஸ்டேட்மென்ட்' என்று பெயர்.

செய்தித்தாளில் அடிக்கடி வரும் மூன்று தொடர்கள்

காஷஸ்லி ஆப்டிமிஸ்டிக்: நம்பிக்கை உண்டு, ஆனால் முழுதாக நம்பிவிடவில்லை. சுரங்கம் மீண்டும் திறக்கப்படும் என்ற செய்தி 2001-க்குப் பிறகு எத்தனையோ முறை வந்து போயிற்று. ஒவ்வொரு முறையும் நம் தேநீர்க் கடைகளில் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு இந்தத் தொடர் சரியாகப் பொருந்தும்.

எர் ஆன் த சைட் ஆஃப் காஷன்: தவறுவதானால் எச்சரிக்கையின் பக்கம் தவறு. சந்தேகம் வந்தால் கேஜை இறக்காதே, கயிற்றைச் சோதித்த பிறகு இறக்கு என்பது போல.

த்ரோ காஷன் டு த விண்ட்: பின்விளைவு எதையும் பாராமல் துணிந்து இறங்குவது.

நம் மொழியில் விழிப்பு

கடைசியாக நம் சொற்களையும் பார்ப்போம். இந்த ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே குழாயடியில் கலந்தவை. கன்னடத்தில் 'எச்சர' என்றால் தூக்கம் தெளிந்து விழித்திருப்பது. மின்கம்பத்துப் பலகையில் உள்ள 'எச்சரிகெ' நம் 'எச்சரிக்கை'யின் உடன்பிறப்பு. தெலுங்கில் 'ஹெச்சரிக'. நாம் 'சாக்கிரதை' என்பது வடமொழியில் விழித்திருத்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கில 'விஜிலன்ட்' சொல்லின் வேரும் லத்தீனில் விழித்திருப்பதுதான். நாமும் 'விழிப்பாக இரு' என்கிறோம். எல்லா மொழிகளும் எச்சரிக்கையைத் தூங்காத கண்ணில்தான் பார்த்திருக்கின்றன. இரவு ஷிப்டு பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

'உஷார்' பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கன்னட நண்பர் 'ஹுஷாரில்ல' என்றால், அவர் ஏமாளி என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பு சரியில்லை என்கிறார்!

திருக்குறளில் 47-ஆம் அதிகாரமான தெரிந்துசெயல்வகையிலிருந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல், 51-ஆம் அதிகாரமான தெரிந்துதெளிதல் வரை ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து இந்தக் குணத்தைத்தான் பேசுகின்றன. 54-ஆம் அதிகாரமான பொச்சாவாமைக்கு, 1886-இல் குறளை மொழிபெயர்த்த ஜி.யு. போப் 'அன்ஃபர்கெட்ஃபுல்னெஸ்', அதாவது மறவாமை என்று தலைப்பிட்டார். மறதியே ஆபத்தின் கதவு என்பதை வள்ளுவர் அறிந்திருந்தார். பிள்ளைகளோடு அமர்ந்து இந்த அதிகாரங்களை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பயிற்சி

கோடிட்ட இடத்தில் காஷஸ், காஷன்ட், கேர்ஃபுல், வேரி, ப்ரூடன்ட், ப்ரிகாஷன்ஸ் ஆகியவற்றில் பொருத்தமானதை இடுக.

1. த டிரைவர் வாஸ் ------ பை த ஸ்டேஷன் மாஸ்டர். (நிலைய அதிகாரி ஓட்டுநரை எச்சரித்தார்.)

2. பீ ------ வித் தட் கிளாஸ். (அந்தக் கண்ணாடிக் குவளையைக் கவனமாகப் பிடி.)

3. டேக் ------ பிஃபோர் யூ எண்டர் த டனல். (சுரங்கப் பாதைக்குள் போகுமுன் முன்னெச்சரிக்கை நடவடிக்கை எடு.)

4. த டாக் இஸ் ------ ஆஃப் சில்ட்ரன். (அந்த நாய் குழந்தைகளை நம்புவதில்லை.)

5. த டாக்டர் வாஸ் ------ அபௌட் கிவிங் எனி ப்ராமிஸ். (எந்த வாக்குறுதியும் கொடுப்பதில் மருத்துவர் எச்சரிக்கையாக இருந்தார்.)

6. இட் இஸ் ------ டு சேவ் ஃபார் ஓல்ட் ஏஜ். (முதுமைக்குச் சேமிப்பது முன்யோசனை.)

7. 'எனக்கு யாரும் எச்சரிக்கை தரவில்லை' என்பதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

விடைகள்: 1. காஷன்ட் 2. கேர்ஃபுல் 3. ப்ரிகாஷன்ஸ் 4. வேரி 5. காஷஸ் 6. ப்ரூடன்ட் 7. நோபடி காஷன்ட் மீ. அல்லது, ஐ வாஸ் நாட் காஷன்ட். 'நோபடி வார்ன்ட் மீ' என்பது இன்னும் எளிது.

ஏழாவது விடையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகள் எதிலாவது கையெழுத்துப் போடுமுன், விளங்காத சொல் ஒன்று இருந்தாலும் நம் வகுப்புக்குக் கொண்டு வரட்டும். ஞாயிறு மாலைகளில் இருப்பேன். கரும்பலகையில் இப்போது அந்த இரண்டு சொற்களையும் தனித்தனி வரியில் எழுதி வைத்திருக்கிறேன்.